பைபர் படகு வாங்குவதற்கு முன்: கண்மாய்க்கும் கடலுக்குமான முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் தொண்டிக் கடற்கரை வந்துவிடும். அறந்தாங்கிப் பக்கம் திரும்பினால் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் இருக்கின்றன. இந்த ஊர்களில் பங்குக்குப் படகு போட்டவர்கள் எங்கள் பக்கத்தில் பலர் உண்டு. அதைவிடப் பலர், மழை பெய்து கண்மாய் பெருகிய ஆண்டுகளில் மீன்பாசிக் குத்தகை (கண்மாய் மீனைப் பிடிக்கும் உரிமை) எடுத்துவிட்டு, வலை விடுவதற்குச் சிறு படகு ஒன்றைத் தேடி அலைபவர்கள். நான் இரண்டு வகையிலும் ஒவ்வொரு படகு வாங்கியவன். முதலாவதில் ஏமாந்தேன், இரண்டாவதில் ஏமாறவில்லை. இரண்டுக்கும் இடையில் கற்றுக்கொண்டவற்றை வாங்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் விளங்கிவிட்டால் மற்றவை எளிது. ஆத்தங்குடித் தளக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்குப் பைபர் படகு செய்யும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் முதலில் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, பிறகு கண்ணாடியிலிருந்து கழற்றுகிறார்கள். நாம் நடக்கும் முகம்தான் முதலில் உருவாகிறது. அதைத் தாங்கும் உடல் பின்னால் சேர்கிறது. படகும் அப்படியே. மெழுகு பூசிய மோல்டின், அதாவது படகு அச்சின், உட்புறத்தில் முதலில் ஜெல்கோட் என்னும் வண்ணப் பூச்சு, அதன் மேல் ரெசின் என்னும் பிசினில் நனைத்த கண்ணாடி இழைப் பாய்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. மோல்டிலிருந்து வெளியே எடுத்ததும் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு, மோல்டுக்குக் கொடுத்த மெருகின் பளபளப்பு. உள்ளே எத்தனை பாய் இருக்கிறது, அவை ரெசினில் சரியாக நனைந்தனவா என்பதை அந்த முகம் சொல்லாது. நான் முதல் படகை நீல நிறத்தின் அழகுக்காக வாங்கினேன் என்று ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை.

முதல் படி: எந்தத் தண்ணீர், என்ன வேலை

கண்மாய்க்கு வாங்குபவர் கடல் படகைப் பார்த்து மயங்கக் கூடாது. பன்னிரண்டு முதல் பதினான்கு அடி நீளம், தட்டையான அடி, துடுப்பு அல்லது கம்பு ஊன்றித் தள்ளும் அமைப்பு ஆகியவை போதும். கட்லாவும் ரோகுவும் பிடிக்கும் இழுவலையையும் இரண்டு ஆட்களையும் தாங்கினால் சரி. அதில் பார்க்க வேண்டிய முக்கியமான அளவு எடைதான். கோடையில் கண்மாய் வற்றும்போது நாலு பேர் தூக்கிக் கரையேற்ற முடியாத படகு, சேற்றிலேயே கிடந்து வெயிலில் வெடிக்கும்.

கடலுக்கு வாங்குபவர் பாக் விரிகுடாவின் குணத்தை மனதில் வைக்க வேண்டும். அது ஆழமில்லாத கடல். பெரும்பகுதியில் பத்து மீட்டரை ஒட்டியே ஆழம் இருக்கும். தொண்டி, நம்புதாளைப் பக்கம் கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரும் சேறும் கடற்புல்லும்தான். படகைத் தள்ளிவைத்து நங்கூரமிட்டு, தண்ணீரில் நடந்தே கரைக்கு வருவார்கள். நீர் வற்றும் நேரத்தில் படகு தரையில் உட்கார்ந்துவிடும். ஆகவே ஆழமாக இறங்கும் அடிப்பகுதி இங்கே உதவாது. ஆனால் வாடைக் காற்று வீசும் மாதங்களில் ஆழம் குறைந்த கடலில் எழும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும் என்பதால், முற்றிலும் தட்டையான அடியும் ஆளை உலுக்கி எடுத்துவிடும். அணியத்தில் (முன்முனையில்) கூராகவும் அமரத்தை (பின்முனையை) நோக்கி வரவரத் தட்டையாகவும் மாறும் உருவமே இக்கடலுக்கு ஏற்றது. நண்டு வலைக்கும் மீன் வலைக்கும் இரண்டு மூன்று பேர் போய் மறுநாள் காலையில் திரும்பும் தொழிலென்றால் இருபது முதல் இருபத்து நான்கு அடி போதும். பெரியதாக வாங்கினால் பெரிய இயந்திரம் வேண்டும், பெரிய இயந்திரத்துக்கு எரிபொருள் வேண்டும், அதற்கு ஈடாக மீன் அதிகம் கிடைக்கும் என்று கடல் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

அதிராம்பட்டினம் முதல் அம்மாப்பட்டினம் வரையிலான கடற்பகுதி 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கொண்ட அது, கடற்பசு மேயும் புல்வெளிகளை உள்ளடக்கியது. அந்தப் பக்கம் தொழில் செய்பவர்கள், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியைத் தூக்கிக்கொள்ள வசதியுள்ள அமைப்பைத் தேர்ந்தெடுப்பது புல்லுக்கும் நல்லது, விசிறிக்கும் நல்லது.

இரண்டாம் படி: சரக்கைத் தெரிந்துகொள்வது

பட்டறைக்குப் போகுமுன் நான்கு சொற்களுக்குப் பொருள் தெரிந்திருக்க வேண்டும். ஜெல்கோட் வெளித்தோல், அரை மில்லிமீட்டர் கனம் சரியானது. மெலிந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், தடித்தால் வெடிக்கும். ரெசின் என்பது பாய்களைப் பிணைக்கும் பிசின். இதில் பொதுப் பயன்பாட்டு வகை, ஐசோ வகை என இரண்டு உண்டு. ஐசோ விலை கூடியது, ஆனால் தண்ணீரை எதிர்த்து நிற்கும். படகு முழுவதற்கும் ஐசோ போடப் பணம் இல்லையென்றால், ஜெல்கோட்டும் அதை அடுத்த முதல் இரண்டு பாய்களுமாவது ஐசோவாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹார்டனர், ரெசினைக் கெட்டியாக்கும் திரவம். ஒரு கிலோ ரெசினுக்குப் பத்து முதல் இருபது கிராம். கடைசியாக மேட், அதாவது முன்பு சொன்ன கண்ணாடி இழைப் பாய். துண்டு இழைகளாலான சாதா மேட் ஒன்று, துணிபோல நெய்த ரோவிங் இன்னொன்று. சாதா மேட் ஒட்டும். ரோவிங் வலுக் கொடுக்கும். ரோவிங்கின் மேல் நேராக ரோவிங் போட்டால் இரண்டும் பிரிந்து வரும், நடுவில் சாதா மேட் வேண்டும்.

கனத்தைக் கணக்கிடுவதற்கு வாய்ப்பாடு போல ஒன்று உண்டு. சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள சாதா மேட் ஒரு பாய் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் தரும். 600 கிராம் ரோவிங் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் தரும். பக்கச் சுவருக்கு நான்கு சாதா மேட்டும் இரண்டு ரோவிங்கும் போடுவதாகப் பட்டறைக்காரர் சொன்னால், 5.6 மில்லிமீட்டர் கனமும், ரெசினோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு எட்டு கிலோவுக்குச் சற்று மேலான எடையும் வர வேண்டும். அடிப்பகுதிக்கு அதைவிட அதிகப் பாய்கள். ஏராவின் (அடியின் நடுவில் நெடுக ஓடும் முதுகெலும்பின்) மேல் இரு பக்கத்துப் பாய்களும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் படிந்து, வேறெங்கும் இல்லாத கனம் அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் தரையில் உரசுவது அதுதான். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருந்தாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

மூன்றாம் படி: பட்டறையைப் பார்ப்பது

படகைத் தேர்ந்தெடுப்பது என்று நாம் சொல்வது உண்மையில் பட்டறையைத் தேர்ந்தெடுப்பதுதான். முன்னறிவிப்பில்லாமல், வேலை நடக்கும் நாளில், காலையில் போங்கள். நான் இரண்டாவது படகுக்காகப் போன பட்டறையில் மேஸ்திரி ஒரு சின்னத் தராசையும் அளவுக்கோடு போட்ட குப்பியையும் வைத்திருந்தார். ஒவ்வொரு வாளி ரெசினையும் நிறுத்து, ஹார்டனரை அளந்து ஊற்றினார். "கண்ணளவு எதுக்குண்ணே, தப்பாப் போனா படகு உங்களுது, பேரு என்னுது" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே முன்பணம் கொடுத்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஏன் அந்த அளவு அவ்வளவு முக்கியம் என்றால், நம்முடைய வெயில். சித்திரை வைகாசியில் பகல் பன்னிரண்டு மணிக்கு ரெசின் வாளியிலேயே உறைந்துவிடும். அதைத் தவிர்க்கச் சிலர் ஹார்டனரை ஒரு சதவீதத்துக்கும் கீழே குறைப்பார்கள். வேலைக்கு நேரம் கிடைக்கும். ஆனால் ரெசின் கெட்டியானதுபோல் தோன்றுமே தவிர முழுதாக வேகாது. அரைவேக்காட்டுப் படகு என்பது என்னுடைய சொல். அதன் அடையாளம், செய்து மூன்று நான்கு வாரம் கழிந்தும் மூக்கைத் துளைக்கும் ரெசின் நெடி. விடியற்காலையில் பாய் விரித்துப் பத்து மணிக்குள் முடிக்கும் பட்டறையே கோடைக்கு ஏற்றது. ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் இன்னொரு வகையில் கெடுதல்: ஈரம் குடித்த மேட் ரெசினை ஏற்காது, வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தை முதல் பங்குனி வரை படகு கட்டுவதற்கு நல்ல காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பட்டறை ஆட்களெல்லாம் பழுது வேலைக்கு ஓடிவிடுவார்கள், உங்கள் படகைக் கற்றுக்குட்டிகள் கையில் விட்டுவிட்டு.

ரெசின் பீப்பாய்கள் நிழலில் இருக்கின்றனவா, அவற்றில் தேதி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஆறு மாதம் தாண்டிய ரெசினை நம்பக் கூடாது. ஹார்டனரும், ரெசின் உறைவதை விரைவுபடுத்தச் சேர்க்கும், கோபால்ட் என்று அவர்கள் சொல்லும் ஊதா நிறத் திரவமும் ஒரே அலமாரியில் அருகருகே இருந்தால் அந்தப் பட்டறையைவிட்டு வந்துவிடுங்கள். அவை இரண்டும் நேராகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதைக் கற்காதவர் வேறெதைக் கற்றிருப்பார்?

நான்காம் படி: கட்டி முடித்த உடலைச் சோதிப்பது

முதலில் கண். அணியத்தின் முனையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்று பக்கச் சுவர் நெடுக நோக்குங்கள். சுவர் வயிறு தள்ளியோ உள்வாங்கியோ இருந்தால் மோல்டிலிருந்து அவசரமாக எடுத்திருக்கிறார்கள். பிறகு காது. ஐந்து ரூபாய் நாணயத்தால் சாணுக்கு ஒரு தட்டாக அடி முழுதும் தட்டிக்கொண்டே போக வேண்டும். சட்டி பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோம் அல்லவா, அதே காதுதான் இதற்கும். கணீரென்ற ஒலி தொடர்ந்து வந்து, ஓரிடத்தில் மட்டும் அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் மொத்தையாகக் கேட்டால், அங்கே பாய்களுக்கிடையே காற்று நிற்கிறது. சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். கையளவு வட்டங்கள் இரண்டு மூன்று இருந்தால் சரிசெய்யச் சொல்லலாம். அதற்கு மேல் இருந்தால் வேண்டாம்.

அடுத்தது, நான் எல்லாவற்றிலும் மேலாக நம்பும் சோதனை. தண்ணீர் வடியும் துளைக்கும் இயந்திரத் தண்டுக்கும் உடலில் வட்டமாக வெட்டி எடுப்பார்கள். அந்த வில்லைகளை எறிய விடாமல் கேட்டு வாங்குங்கள். ஒன்றை அளவுகோலில் வைத்துக் கனம் பார்க்கலாம். இன்னொன்றைத் திறந்தவெளியில், புகை முகத்தில் படாதபடி விலகி நின்று, கரி அடுப்பில் போடுங்கள். கரும்புகையோடு ரெசின் எரிந்து போகும். கண்ணாடி இழை எரியாது. ஆறியபின் எடுத்தால் வெற்றிலைக் கட்டு போல அடுக்கு அடுக்காகப் பிரியும். சாதா மேட் பஞ்சாக உதிரும், ரோவிங் சல்லடைத் துணிபோல் நிற்கும். எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். சுடுவதற்கு முன்னும் பின்னும் நகைக்கடைத் தராசில் நிறுத்தால், இழையின் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டி வர வேண்டும். கால்பங்குக்கும் கீழே இறங்கினால் உங்களுக்கு விற்றது பெரும்பாலும் வெறும் ரெசின். ரெசின் மட்டும் இருந்தால் கனம் இருக்கும், எடை இருக்கும், வலு இருக்காது.

முழுப் படகையும் டிராக்டர் டிப்பரில் ஏற்றி எடை மேடையில் நிறுத்துவதும் நல்லது. முன்பு போட்ட கணக்கோடு ஒப்பிட ஐந்து நிமிடம்தான் ஆகும்.

உள்ளே வலுவுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக விலா எலும்புபோல் ஓடும் வங்குகளின் முனைகளைக் குனிந்து பாருங்கள். அவை சரிந்து இறங்கி உடலோடு கலக்க வேண்டும். திடீரென்று வெட்டி நிறுத்தியிருந்தால், அலை அடிக்கும்போது விசையெல்லாம் அந்த முனையில் குவிந்து அங்கேதான் முதல் வெடிப்பு வரும். வெளியில் இயந்திரம் மாட்டும் படகென்றால், அமரத்துச் சுவருக்குள் இருக்கும் பலகை எது என்று கேளுங்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வேண்டும். அதிலும் ஆணித்துளைகளின் உள்விளிம்பு ரெசினால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அடைக்காத துளை வழியாகத் தண்ணீர் புகுந்து பலகை உள்ளுக்குள்ளேயே மக்கிப்போன படகுகளை நான் கரையில் எண்ணியிருக்கிறேன்.

ஐந்தாம் படி: மூழ்கினால் மிதக்குமா

மரப்படகில் தண்ணீர் நிறைந்தாலும் மரம் மிதக்கும், பிடித்துக்கொண்டு கிடக்கலாம். பைபர் தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு அடர்த்தியுள்ளது. தண்ணீர் நிறைந்தால் இயந்திரத்தோடு சேர்ந்து தரைக்குப் போகும். ஆகவே காற்றறைகளில் நுரை அடைத்திருக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: உடல் 300 கிலோ என்றால் தண்ணீருக்குள் அதன் எடை 100 கிலோ. இயந்திரம் 90 கிலோ என்றால் 75. நங்கூரம், ஈயம், பிடித்துத் தொங்கும் ஆட்கள் எல்லாம் சேர்த்து இன்னும் 100. ஒரு லிட்டர் நுரை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். கைக்காவலாகச் சேர்த்து 400 லிட்டருக்குக் குறையாமல் கேளுங்கள். அந்த நுரை இருபக்கச் சுவர்களின் மேற்பகுதியில் இருக்க வேண்டும். ஆள் நிற்கும் அடித்தளத்துக்குக் கீழே மொத்தமாக அடைத்தால் தண்ணீர் நிறைந்த படகு குப்புறக் கவிழும்.

இங்கே ஒரு தில்லுமுல்லு நடக்கும். தெர்மோகோல் மலிவு. ஆனால் ரெசின் பட்டதும் அது சர்க்கரைபோல் கரைந்துவிடும். பாலித்தீன் சுற்றாமல் தெர்மோகோலை வைத்து மேலே ரெசின் பூசினால், வெளியே அறை இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. மூடுவதற்கு முன் உங்கள் கண்ணெதிரே அடைக்கச் சொல்லுங்கள், அல்லது கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: இரும்பும் இயந்திரமும்

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைப் பற்றியும் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. மண்டபத்தில் உப்புக்காற்றில் உலோகங்களை வைத்துச் சோதிக்கும் நிலையமும் அதற்கு உண்டு. அவ்வளவு பெரிய விஷயத்தில் நாம் செய்ய வேண்டியது சிறிதுதான். போல்ட்டும் வளையமும் 316 ரகத் துருப்பிடிக்கா எஃகாக இருக்கட்டும். கடையில் சாதாரணமாகத் தருவது 304. காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதால் பில்லில் ரகத்தை எழுதச் சொல்ல வேண்டும். பித்தளை விசிறியும் இரும்புத் தண்டும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் இரும்புதான் கரையும். அதற்குப் பதிலாகக் கரையத் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்துவார்கள். அது கரைவதைக் கண்டு பதறாதீர்கள், அதன் வேலையே அதுதான்.

இயந்திரத்தைப் பற்றி நீட்ட மாட்டேன். இருபது, இருபத்திரண்டு அடிப் படகுக்குப் பத்துக் குதிரைத்திறனை ஒட்டி இருந்தால் போதும். எந்த இயந்திரத்துக்கு உங்கள் படகுத்துறையிலேயே மெக்கானிக் இருக்கிறாரோ அதை வாங்குங்கள்.

பழைய படகு வாங்குவதானால்

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்கப் பைபர் படகுகள் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவசரத்தில் தரம் தாழ்ந்தவையும் அவற்றுள் பல. இன்றும் புதுவண்ணம் பூசிக்கொண்டு பழைய படகுகள் கைமாறுகின்றன. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். அம்மைக் கொப்புளம்போல் கையில் தட்டுப்பட்டால் ஜெல்கோட்டுக்குப் பின்னால் தண்ணீர் இறங்கிவிட்டது. என் நீலப் படகில் இரண்டாவது ஆண்டில் அப்படித்தான் ஆயிற்று. ஒரு கொப்புளத்தை ஆணியால் குத்தியபோது பிசுபிசுப்பான நீர் வழிந்தது. முகர்ந்தால் காடி போலப் புளித்த வாடை. இழைகளைப் பிணைக்கும் ரெசின் உள்ளே சிதைய ஆரம்பித்துவிட்டதற்கு அதுவே சாட்சி. சுரண்டி, இரண்டு மூன்று மாதம் உலரவைத்து, மறுபடி பாய் போட்டேன். செலவு படகின் விலையில் பாதியைத் தொட்டது. விற்ற பட்டறையில் கேட்டதற்கு, உப்புத் தண்ணீரில் எல்லாப் படகுக்கும் வருவதுதான் என்றார்கள். எல்லாப் படகுக்கும் வருவதில்லை.

தாள்களும் பணமும்

கடலில் ஓட்டும் படகை மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறையில் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 இதற்கு அடிப்படை. கட்டிய பட்டறையின் சான்று, அளவுகள், இயந்திர எண்ணுடன் கூடிய பில் ஆகியவை இல்லாமல் பதிவு நகராது. பட்டறையே பதிவு பெற்றதா என்பதை முன்பணத்துக்கு முன் கேளுங்கள். பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர் பழைய படகை மாற்றிப் புதுப்படகும் வலையும் வாங்க, பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் படகைப் பேசுங்கள், ஏனென்றால் கட்டி முடித்தபின் மானியம் கேட்டால் கிடைப்பது அரிது. என்னைப் போலப் பங்குக்குப் பணம் போடுபவர்கள், பதிவும் காப்பீடும் கடலுக்குப் போகிறவர் பெயரில் இருப்பதுதான் முறை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தை நான்காகப் பிரித்துக் கொடுங்கள்: மோல்டில் ஜெல்கோட் அடிக்கும் நாளில் ஒன்று, பாய் போட்டு முடித்ததும் ஒன்று, நுரை அடைத்துப் பார்த்தபின் ஒன்று. கடைசித் தவணையைத் தண்ணீரில் இறக்கி, ஆளும் வலையும் ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட்டி, கரைக்கு வந்து அடித்தளத்தைத் தூக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பார்த்த பிறகு கொடுக்க வேண்டும். கண்மாய்ப் படகுக்கு இவ்வளவு வேண்டாம். இரண்டு தவணை போதும். ஆனால் வற்றிய காலத்தில் அதைப் பழைய டயர்களின் மேல் குப்புறக் கவிழ்த்து, தென்னங்கீற்றால் மூடி வைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் ஜெல்கோட் சுண்ணாம்பு போலக் கையில் ஒட்டிக்கொண்டு வரும்.

வெட்டி எடுத்த வில்லைகளில் ஒன்றைச் சுடாமல் வைத்திருங்கள். அதன் முதுகில் தேதியையும் பட்டறையின் பெயரையும் அழியாத மையால் எழுதி, பில்லோடு சேர்த்து ஒரு பையில் போட்டுப் பெட்டியில் வையுங்கள். என்னுடையது அப்படித்தான் இருக்கிறது. ஆறு ஆண்டுகளில் இரண்டு முறை, அடியில் கல் இடித்துப் பழுது பார்க்க வந்த ஆள், எத்தனை பாய் போட வேண்டும் என்று கேட்டபோது அதைத்தான் எடுத்துக் காட்டினேன்.